புதுப்பிப்பு: கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்ல ஆளாளுக்குக் கோ-லீடர், தீர்வு கிடைச்சுது

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

விஷயம் தெரியாதவங்களுக்கு: கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்ங்கிற மொபைல் கேம்ல எங்க வண்ணாரப்பேட்டை, காசிமேடு பசங்க கிளான்ல (அதாவது டீம்ல) பழைய லீடர், கேட்டவனுக்கெல்லாம் லீடருக்கு அடுத்த கோ-லீடர் பதவியைத் தூக்கிக் கொடுத்துட்டுப் போயிட்டார். யார் வேணா வார் (வேற கிளானோட சண்டை) போடுறது, கோவம் வந்தா எல்டரையே (கோ-லீடருக்குக் கீழ இருக்கிறவர்) கிளானை விட்டுத் தூக்குறதுன்னு ஒரே ரகளை. இதை எப்படிச் சரி பண்றதுன்னுதான் கேட்டிருந்தேன்.

"பதவியை மரியாதைக்குக் கொடுக்காதீங்க, வேலைக்குக் கொடுங்க"ன்னு ஒருத்தர் சொன்னாரே, அதுதான் எடுபட்டுது. வாருக்கு ஒரு கோ-லீடர், ஆள் சேர்க்க ஒருத்தர், அவ்ளோதான். மத்தவங்க எல்டர். எல்டர் புது ஆளைச் சேர்க்கலாம், மெம்பரை நீக்கலாம். வார் தொடங்க முடியாது. பாதிச் சண்டை அதுலயே அடங்கிடுச்சு. ஓட்டுப் போடுற யோசனையையும் பார்த்தோம், கேரம் கிளப் தேர்தல் மாதிரி கோஷ்டி சேர்ந்ததுதான் மிச்சம்.

எதிர்பாராத தலைவலி நேரம். காசிமேடு பசங்க விடியறதுக்கு முன்னாடியே மீன் ஏலத்துக்குப் போறவங்க. ராத்திரி போட்ட வார் ராத்திரிதான் முடியும். ஆளுக்கு 2 அட்டாக், பாக்கியை அடிக்கச் சொன்னா அவங்க தூக்கத்துல இருப்பாங்க. இப்போ மத்தியானம்தான் வார் தேடுறோம். வார் விருப்பத்தைச் சிவப்புல (அதாவது வரலைன்னு) வெச்சவங்களைச் சேர்க்கிறதில்ல.

கோ-லீடர் பதவியிலிருந்து இறக்கினதுல ஒருத்தர் மட்டும் தனி கிளான் ஆரம்பிச்சிட்டார். ஃப்ரெண்ட்லி வார் கேட்டிருக்கார், வெச்சுக்கலாம்னு இருக்கோம்.