பிரிவு 17 நிலத்தில் மின் இணைப்பு வாங்கியவர்கள் இருக்கிறீர்களா?

நீலகிரி மாவட்டம் கூடலூர் பக்கம் எங்கள் வீட்டுக்கு இன்னும் கரண்ட் இல்லை. நிலம் 1969-ஆம் ஆண்டு ஜென்மம் எஸ்டேட் (பரம்பரை நிலக்கிழார் நிலம்) ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-இல், அதாவது தோட்டக் குத்தகை நிலங்களுக்கான பிரிவில், வருகிறதாம். சட்டமன்றம் இயற்றிய அதில் காடு பற்றிய பகுதியை 1972-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 1974-இல் நாடாளுமன்றம் சட்டத்தையே, நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி சட்டங்களைக் காக்கும் அரசியல் சாசனத்தின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தது. அந்த அட்டவணையில் உள்ள சட்டங்களையும் ஆராயலாம் என்று 2007-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். நடுவில் நாங்கள்.

மூன்று வருடமாக அலைகிறேன். மனுநாளில் இரண்டு முறை கொடுத்தாயிற்று. அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே வரி வந்தது. வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு இருக்கின்றன, பட்டா இல்லை. மகள் பத்தாம் வகுப்பு. மழை நாளில் சோலார் விளக்கு ஏழரை மணிக்கே மங்கிவிடுகிறது, புத்தகத்தைக் கண்ணருகே பிடித்துப் படிக்கிறாள்.

இணைப்பு கிடைத்தவர்கள், எந்த அரசாணையை அல்லது தீர்ப்பைக் காட்டி வாங்கினீர்கள்?