மீன்கள் வாழும் பழைய தொட்டியில் அக்வா சாயில் இடலாமா?

தாம்பரம்வாசி

வணக்கம். என்னுடைய தொட்டி 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் கொண்டது. இரண்டு ஆண்டுகளாக இயங்கி வருகிறது. அடியில் 3 செ.மீ. அளவுக்குச் சாதாரணச் சரளைக்கல் இட்டிருக்கிறேன். மீன்களில் எட்டு மோலிகளும் ஆறு சோர்ட்டெயில்களும் ஐந்து கோரிடோரஸ்களும் இருக்கின்றன. தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது; அதன் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 7.8, கார்பனேட் கடினத்தன்மை 10 டிகிரி. நட்டு வைத்த கிரிப்டோகோரைனும் அமேசான் ஸ்வோர்டும் மூன்று மாதங்களில் வெளிறிப்போய்விட்டன. ஆகவே சரளையை அகற்றிவிட்டு, நீர்ச்செடிகளுக்கென ஊட்டம் சேர்த்து மணிகளாக விற்கப்படும் மண்ணான அக்வா சாயில் இட விரும்புகிறேன். மீன்களை வேறிடத்தில் நீண்ட நாள் வைத்திருக்க எனக்கு வசதியில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நீர்க்கோரை

தாராளமாகச் செய்யலாம், ஒரு பிற்பகல் போதும். 5 செ.மீ. உயரத்துக்கு உங்களுக்குச் சுமார் 20 லிட்டர் மண் தேவைப்படும். தொட்டி நீரில் பாதியை நன்கு கழுவிய வாளிகளில் எடுத்து, மீன்களை அவற்றில் விட்டு, காற்றுக்குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டுவிடுங்கள். ஃபில்டரை அணைத்து வைக்காமல் ஒரு வாளியில் ஓடவிடுங்கள், ஏனெனில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நச்சுக் குறைந்த பொருளாக மாற்றும் (நைட்ரஜன் சுழற்சியை நடத்தும்) பாக்டீரியாக்களில் பெரும்பகுதி அதிலுள்ள பஞ்சில்தான் இருக்கிறது, ஆக்சிஜன் நின்றால் அவை சில மணி நேரத்திலேயே நலியத் தொடங்கும். சரளையை அள்ளும்போது கலங்கும் கசட்டைச் சைஃபன் குழாய் வைத்து முழுவதுமாக வெளியேற்றிய பிறகு மண்ணைப் பரப்பி, ஒரு தட்டின் மேல் மெதுவாக நீர் ஊற்றி நிரப்பினால், அன்று மாலையே மீன்களைத் திரும்ப விட்டுவிடலாம். நான் மூன்று தொட்டிகளில் இவ்வாறு செய்திருக்கிறேன், ஒரு மீனையும் இழந்ததில்லை.

வேரடி

நீர்க்கோரை அவர்கள் சொன்ன முறையில் ஃபில்டரைக் காக்கும் பகுதி மிகச் சரியானது. ஆனால் அன்று மாலையே மீன்களை விடலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஊட்டம் மிகுந்த அக்வா சாயில்களில் பல, முதல் சில வாரங்களுக்கு அம்மோனியாவை நீரில் கசியவிடுகின்றன. அதே நாளில் பழைய சரளையோடு ஒரு பங்கு பாக்டீரியாவையும் நாம் வெளியே எறிந்திருப்போம். சுமை கூடும் நேரத்தில் சுமப்பவர் குறைகிறார். நான் இதே தவற்றைச் செய்து நான்கு நாட்களில் ஏழு மோலிகளை இழந்தேன். செவுள்கள் சிவந்து, நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த அவற்றை இன்றும் மறக்க முடியவில்லை.

நீர்க்கோரை

உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆயினும் ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். அக்வா சாயில் நீரின் கார்பனேட்டுகளை ஈர்த்துக்கொண்டு பிஎச் அளவை 6.5 வரை கீழிறக்கும். அந்த நிலையில் அம்மோனியா ஏறக்குறைய முழுவதும் அம்மோனியம் என்ற, நச்சு மிகக் குறைந்த வடிவில்தான் இருக்கும். மண்ணே நோயையும் தந்து மருந்தையும் தருகிறது. முதல் வாரம் நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினால் மீதியும் போய்விடும்.

வேரடி

மென்னீர் கிடைக்கும் ஊர்களுக்கு அந்த வாதம் பொருந்தும், தாம்பரத்து ஆழ்துளை நீருக்குப் பொருந்தாது. கடினத்தன்மை 10 டிகிரி உள்ள நீரை நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால், மண் இறக்கிவைக்கும் பிஎச் அளவை அந்த நீர் மறுபடியும் ஏற்றிவிடும். நீங்கள் மருந்து என்று சொல்லும் நீர்மாற்றமே இங்கு அம்மோனியத்தை நச்சு வடிவத்துக்குத் திருப்புகிறது. கணக்கைப் பாருங்கள்: 28 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் 0.7 சதவீதம் மட்டுமே நச்சு வடிவில் இருக்கிறது. பிஎச் 8 ஆனால் அது 6.5 சதவீதம். ஒரே அளவு மண், ஒரே அளவு கசிவு, ஆனால் ஒன்பது மடங்கு நஞ்சு. நச்சு வடிவம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டினாலே செவுள்கள் சேதமடையத் தொடங்கும்.

மற்றொன்று, மோலி கடினநீரை விரும்பும் மீன். பிஎச் 6.5 வரை இறங்கும் என்று நீங்கள் நன்மையாகச் சொல்வது அதற்குத் தீமை.

கயல்மணி

இருவரும் மண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். செடிக்கு உண்மையில் என்ன குறை என்று யாரும் கேட்கவில்லையே. தாம்பரம்வாசி அவர்களே, வெளிறியவை பழைய இலைகளா, புதிதாக வரும் இலைகளா? நரம்புகள் பச்சையாக நிற்கின்றனவா?

தாம்பரம்வாசி

புதிய இலைகள்தான். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளிர்மஞ்சளாகவும் இருக்கிறது. பழைய இலைகளில் ஓட்டைகள் எதுவும் இல்லை.

கயல்மணி

அப்படியானால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. உங்கள் நீரில் இது எதிர்பார்க்கத்தக்கதே, ஏனெனில் பிஎச் உயர்ந்த, ஆக்சிஜன் மிகுந்த நீரில் இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறிப் படிந்துவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்த அடிமண்ணுக்குள் அது கரையும் வடிவில் நிலைத்திருக்கும். கிரிப்டோகோரைனும் ஸ்வோர்டும் வேரின் வழியாகவே பெரும்பகுதி உணவை எடுக்கும் செடிகள். எனவே வேரடியில் இரும்பு கலந்த ரூட் டேப் (வேருக்கான உர வில்லை) இரண்டு புதைத்தால் போதும், 20 லிட்டர் மண் வாங்க வேண்டிய தேவையே எழாது. கோரிடோரஸ்கள் மீசையால் அடியைத் துழாவி உண்பவை, அவற்றின் நலனுக்காகச் சரளைக்குப் பதில் மெல்லிய ஆற்று மணல் இடுவதை நான் வரவேற்பேன். ஆனால் சரளையை எடுத்த பிறகே மணலை இடுங்கள். மேலே கொட்டினால் மணல் கல்லிடுக்குகளில் இறங்கிவிடும், கல் மீண்டும் மேலே வந்து நிற்கும்.

நீர்க்கோரை

ரூட் டேப் சில மாதங்களில் கரைந்து தீர்ந்துவிடும்; திரும்பத் திரும்பப் புதைக்கும்போது வேர்கள் அறுபடும். நல்ல மண்ணில் வேர் பரவும் அழகு மணலில் வராது என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிஎச் இறக்கும் ஆற்றல் தீர்ந்த பிறகும் அந்த மணிகள் ஊட்டத்தைப் பிடித்து வைத்து வேருக்குக் கொடுக்கும். செலவை மட்டும் கருதி அதை ஒதுக்கக் கூடாது.

வேரடி

செலவு என் கவலை அன்று, மீன்களின் உயிர்தான். வாதத்தை நிறுத்திவிட்டு அளந்து பார்ப்போம். தாம்பரம்வாசி அவர்களே, நீங்கள் வாங்கவிருக்கும் மண்ணில் ஒரு லிட்டரை மட்டும் முதலில் வாங்கி, உங்கள் ஆழ்துளை நீர் எட்டு லிட்டரோடு ஒரு வாளியில் ஊறவையுங்கள். உங்கள் தொட்டியில் மண்ணுக்கும் நீருக்கும் இருக்கப்போகும் விகிதம் ஏறத்தாழ அதுவே. நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றி, ஐந்தாம் நாள் அம்மோனியாவையும் பிஎச்சையும் பாருங்கள்.

தாம்பரம்வாசி

சொன்னபடி செய்தேன். ஐந்தாம் நாள் நீர் மாற்றியதும் பார்த்தபோது மொத்த அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம், பிஎச் 7.8. மாற்றாமல் விட்ட இரவில் மட்டும் பிஎச் 7.2 வரை இறங்கியிருந்தது.

வேரடி

28 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7.8 நீரில் நச்சு வடிவம் ஏறக்குறைய 4.2 சதவீதம். 2 மில்லிகிராமில் அது 0.08 மில்லிகிராமுக்கு மேல் வருகிறது, நான் சொன்ன 0.05 எல்லையைத் தாண்டிவிட்டது. வாளியில் ஃபில்டர் இல்லை என்று நீர்க்கோரை அவர்கள் சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் வாளியில் பத்தொன்பது மீன்களின் கழிவும் இல்லை.

நீர்க்கோரை

இந்த நீருக்கும் இந்த மீன்களுக்கும் அன்றே விடலாம் என்று நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் மூன்று தொட்டிகளும், மென்னீரை விரும்பும் டெட்ரா மீன்களுக்காக, உப்பு நீக்கிய ஆர்ஓ நீர் கலந்து வைத்தவை. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மண் வேண்டாம் என்பதை மட்டும் இன்னும் ஏற்கவில்லை. அம்மோனியா சுழியம் காட்டும் வரை அதே வாளியில் வாரக்கணக்கில் ஊறட்டும். பிறகு அந்த ஒரு லிட்டரை அகன்ற சிறு மண்சட்டிகள் இரண்டில் நிரப்பி, மேலே 2 செ.மீ. மணல் மூடி, ஸ்வோர்டையும் கிரிப்டோகோரைனையும் அவற்றில் நட்டுத் தொட்டிக்குள் இறக்குங்கள். மீன்களை இடம் மாற்றவே வேண்டாம்.

கயல்மணி

சட்டி யோசனை நன்று. இரண்டில் ஒரு வகைச் செடியை மட்டும் சட்டியில் வைக்காமல், தரையிலேயே ரூட் டேப்போடு விடுங்கள். கிரிப்டோகோரைன் இடம் மாறினால் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும் இயல்புடையது. இறந்துவிட்டது என்று எண்ணிப் பிடுங்கிவிடாதீர்கள்.

தாம்பரம்வாசி

வாளி ஊறிக்கொண்டிருக்கிறது. ஸ்வோர்டு இரண்டு சட்டிக்கும் கிரிப்டோகோரைன் இரண்டு தரைக்கும் என்று முடிவு செய்திருக்கிறேன். புதிய இலைகள் எந்த நிறத்தில் வருகின்றன என்பதை இங்கேயே எழுதுகிறேன்.