கலைச்சொல் வேண்டும்: எசென்ஷியல் ஆயில் கலந்த பல் ஃபில்லிங்

அனுப்புநர்: பல் மருத்துவர், மதுரை

குழும அன்பர்களுக்கு வணக்கம். கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கான பயிற்சிக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நகர மறுக்கிறது.

விஷயம் இதுதான். சொத்தையைச் சுரண்டி எடுத்து அடைக்கிறோம். கொஞ்ச காலம் கழித்து, அடைத்த பொருளும் பல்லும் சேரும் விளிம்பிலேயே மறுபடி சொத்தை விழுகிறது. ஸ்டிரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியா அந்த இடுக்கில் குடியேறி, நாம் சாப்பிடும் சர்க்கரையை அமிலமாக்கிவிடுகிறது. இதைத் தடுக்க, பல்லை அடைக்கும் கிளாஸ் அயனோமர் சிமெண்டில் கிராம்பு, பட்டை, ஓமம் முதலியவற்றின் எசென்ஷியல் ஆயிலை, அதாவது அவற்றிலிருந்து வடித்தெடுத்த மணமுள்ள எண்ணெயை, சிறிதளவு கலந்து பார்க்கிறார்கள். பாக்டீரியா வளர்த்த தட்டில் அந்தச் சிமெண்டை வைத்தால் அதைச் சுற்றி ஒரு வளையத்துக்குக் கிருமி வளர்வதில்லை. ஆனால் எண்ணெய் கூடிவிட்டால் சிமெண்டின் வலு குறைந்துவிடும். பெரும்பாலும் இன்னும் ஆய்வகக் கட்டம்தான்.

என் வரைவில் 'நறுமண எண்ணெய்', 'நுண்ணுயிர் எதிர்ப்புப் பல் நிரப்பி' என்று போட்டிருக்கிறேன். இரண்டுமே எனக்கு நிறைவாக இல்லை.

அனுப்புநர்: தமிழாசிரியர் (ஓய்வு), மேலூர்

அன்புள்ள மருத்துவர் அம்மா, 'நிரப்பி' வேண்டவே வேண்டாம். நிரப்பு என்றால் வறுமை. 'இன்றும் வருவது கொல்லோ நெருநலும் கொன்றது போலும் நிரப்பு' என்பது 1048ஆம் குறள். அடுத்த குறளிலும் அதே பொருள்தான். வள்ளுவர் வறுமைக்கு வைத்த சொல்லை நாம் பல்லுக்குள் வைப்பதா?

எண்ணெய்க்கு வருவோம். எள் + நெய் = எண்ணெய். எள்ளில் பிழிந்தது மட்டுமே எண்ணெய். நெய் என்பதுதான் பொதுச்சொல். கிராம்பில் எள் ஏது? நீங்கள் சொல்லும் பொருள் ஆவியாகப் பிரிவது, ஆவியாகவே பறந்துபோவது. ஆவி என்றால் உயிர் என்றும் பொருள் உண்டு. அந்தச் செடியின் உயிரே அந்த நெய்யில்தான் இருக்கிறது. ஆகவே 'ஆவிநெய்'. நாலரை மாத்திரையில் முடிகிறது.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், திருநகர்

ஐயா, ஆவிநெய் அழகான சொல். ஆனால் செவிலியர் அதை வாய்விட்டுப் படித்தால் கேட்பவர் காதில் 'ஆவின் நெய்' என்றுதான் விழும். பல்லுக்குள் பசுநெய் வைக்கிறார்கள் என்று ஊருக்குள் பேச்சு கிளம்பிவிடும்.

எள் வாதமும் எனக்குச் சரியாகப் படவில்லை. தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய் என்று தமிழ் எப்போதோ எள்ளைத் தாண்டிவிட்டது. தைலத்துக்கும் இதே கதைதான். வடமொழியில் திலம் என்றால் எள். தைலம் அதிலிருந்து வந்தது. இரு மொழியிலும் எள்ளில் தொடங்கிய சொல் எல்லாவற்றுக்கும் பரவியிருக்கிறது.

நிரப்பிக்குக் குறள் வரை போகவும் வேண்டாம். கிளினிக்குக்கு வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? 'பல்ல அடைக்கணும் டாக்டர்' என்கிறார்கள். 'பல் அடைப்பு' என்று வைத்துவிடலாமே.

அனுப்புநர்: சித்த மருத்துவர், திருமங்கலம்

தைலம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எங்கள் முறையில் தைலம் என்பது சரக்குகளை நல்லெண்ணெயில் இட்டுக் காய்ச்சி, பதம் பார்த்து வடிப்பது. இவர்கள் சிமெண்டில் கலப்பது வாலையில், அதாவது ஆவியாக்கிக் குளிர்வித்து வடிக்கும் கலத்தில், வடித்தது. இரண்டும் வேறு பொருள்.

ஓமத்தைத் தண்ணீரில் ஊறவைத்து வாலையில் ஏற்றினால், இறங்கும் தீநீர் (வடிநீர்) கலங்கலாக இருக்கும். ஆறவிட்டால் மேலே மெல்லிய ஏடாக எண்ணெய் ஒதுங்கும். நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு என்று கேட்டால் தருகிறார்களே, அது அந்த எண்ணெயிலிருந்து பிரிவதுதான். டாக்டர் அம்மா தைமால் என்பார்கள். கிராம்பெண்ணெய் நேர்மாறு. தண்ணீரைவிடக் கனம், அடியில் தங்கும். ஆகவே செய்முறையைச் சொல்லும் 'வாலையெண்ணெய்' என்பதே என் முன்மொழிவு.

இன்னொன்று: கிராம்பு என்றே எழுதுங்கள். இலவங்கம் என்று எழுதினால் பாதிப்பேர் பட்டையை எடுத்துக்கொள்வார்கள்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், திருநகர்

வாலை என்ற சொல் இன்று சித்த மருத்துவர்களுக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்? நம் பக்கம் லகரமும் ழகரமும் பேச்சில் கலந்தே வரும். வாழை எண்ணெய் என்றுதான் எழுதிக்கொள்வார்கள்.

அனுப்புநர்: பல் மருத்துவர், மதுரை

அடைப்பு எனக்குச் சம்மதம். வாலை, தைலம் வேறுபாடு எனக்கு மிகவும் உதவியது; அதைக் கையேட்டிலேயே ஒரு வரி சேர்க்கிறேன். கிராம்புத் தைலம் என்று கடையில் விற்பதை வாங்கிச் சொத்தைக்குள் ஊற்றிக்கொண்டு, ஈறு வெந்துபோய் வருகிறவர்களைப் பார்க்கிறோம்.

கிராம்பெண்ணெயின் முக்கியப் பொருளான யூஜினால் பல் மருத்துவத்துக்குப் புதிதல்ல. துத்தநாக ஆக்சைடுடன் அதைக் குழைத்துத் தற்காலிகமாக அடைப்பது 19ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. பல் ஆஸ்பத்திரிக்கென்று ஒரு வாசம் இருக்கிறதே, அது பெரும்பாலும் இதுதான். அதே யூஜினால் பல் நிறத்தில் வைக்கும் ரெசின் அடைப்பைச் சரியாக இறுகவிடாது. அதனால் எந்த எண்ணெய், எந்த அடைப்பில் என்பதைச் செவிலியர் பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

என் பெரிய கவலை 'எதிர்ப்பு'. முந்தைய பக்கத்தில் 'மருந்தெதிர்ப்பு' என்று எழுதியிருக்கிறேன். அங்கே எதிர்ப்பது கிருமி. இங்கே எதிர்க்கப்படுவது கிருமி. அடுத்தடுத்த பக்கத்தில் இரண்டும் வந்தால் வகுப்பில் குழம்பிவிடும்.

அனுப்புநர்: தமிழாசிரியர், மேலூர்

நல்ல கேள்வி, அம்மா. உரையாசிரியர்கள் காட்டும் 'புலிகொல் யானை' இதுவே. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? தொகையாக நிற்கும்வரை இரண்டும் பொருந்தும். உருபை விரித்தால் மயக்கம் தீரும்: 'நுண்ணுயிரைத் தடுக்கும் பல் அடைப்பு'. அந்த ஐகாரத்தை எக்காரணத்துக்காகவும் விடாதீர்கள். 'கிருமி' மட்டும் வேண்டாம். அது வடசொல்.

அனுப்புநர்: வேதியியல் ஆசிரியர், உசிலம்பட்டி

ஐயா, அழகர்மலைக் குகைக்குப் போயிருப்பீர்கள். அங்குள்ள தமிழி எனும் பழந்தமிழ் எழுத்தில் உப்பு வணிகன், அறுவை (துணி) வணிகன் வரிசையில் 'பணித வணிகன்' என்று ஒருவர் இருக்கிறார். பாணிதம் பாலியில் வழங்கும் சொல், வெல்லப்பாகு. நம் ஊர் மக்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே வெளிச்சொல்லைத் தயங்காமல் பாறையில் வெட்டியிருக்கிறார்கள். 'பல்லுல கிருமி' என்று பாட்டிகள் சொல்லும்போது நாம் ஏன் விரட்ட வேண்டும்? கொல்லி என்ற பேச்சு வராததில் எனக்கு மகிழ்ச்சி. இந்த அளவு எண்ணெய் எல்லாக் கிருமியையும் கொன்றுவிடாது, வளர்ச்சியை அடக்கும். 'தடுக்கும்' என்பதே அளவான சொல்.

அனுப்புநர்: பல் மருத்துவர், மதுரை

அச்சகத்திலிருந்து கேட்டுவிட்டார்கள். பெரும்பாலோர் கருத்துப்படி இப்படி அனுப்புகிறேன்: 'நறுமண எண்ணெய் (வாலையில் வடித்தது, தைலம் அன்று) கலந்த, கிருமியைத் தடுக்கும் பல் அடைப்பு.' மேலூர் ஐயாவின் ஐகாரம் பத்திரமாக இருக்கிறது.

அனுப்புநர்: தமிழாசிரியர், மேலூர்

ஐகாரத்துக்கு நன்றி. நறுமண எண்ணெய் என்றால் தலைக்குத் தேய்ப்பது என்றே கொள்வர். கிருமியையும் நான் ஏற்கவில்லை. என் மறுப்பைக் குழுமப் பதிவில் வையுங்கள். ஆவிநெய்யைச் சொற்பட்டியலில் மாற்றுச்சொல்லாகவாவது சேர்க்கக் கோருகிறேன்.

அனுப்புநர்: சித்த மருத்துவர், திருமங்கலம்

சேர்த்தால் வாலையெண்ணெயையும் சேர்க்க வேண்டும். டாக்டர் அம்மா, அடுத்த பக்கத்தில் பயோஃபிலிமை, அதாவது பாக்டீரியா கூட்டமாகப் படியும் படலத்தை, 'உயிரிப்படலம்' என்று போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். பல்லின்மேல் படிவதற்கு 'ஊத்தை' என்று சொல் இருக்கிறதே?