காதலைத் தொடங்குவது பெண், முடிப்பது யார்? (இடைக்கால ஆங்கில ரொமான்ஸ்)

பனைமரம்:
இடைக்கால ஆங்கில ரொமான்ஸ் (வீரசாகசமும் காதலும் கலந்த கதை) என்றாலே மண்டியிட்டு உருகும் நைட் (குதிரைவீரப் பட்டம் பெற்றவன்), மாடத்தில் நிற்கும் சீமாட்டி என்று ஒப்பிக்கிறார்கள். அதெல்லாம் பெரும்பாலும் பிரெஞ்சுச் சரக்கு. ‘அரசவைக் காதல்’ என்ற முத்திரையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரே 1883இல் எழுதிய பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பாரிஸ்தான்.

13ஆம் நூற்றாண்டுக் ‘கிங் ஹார்ன்’ கதையைப் பாருங்கள். நாட்டைப் பறிகொடுத்து வேற்றரசன் அவையில் வளரும் இளவரசன் ஹார்ன். அந்த அரசன் மகள் ரிமென்ஹில்ட் அரண்மனைக் காரியக்காரனைக் கூப்பிட்டு, ஹார்னைத் தன் அறைக்கு அனுப்பச் சொல்கிறாள். பயந்துபோன அவன் ஹார்னுக்குப் பதிலாகத் தோழன் ஏதல்ஃபை அனுப்ப, ஆள் மாறியது தெரியாமல் அவனைக் கட்டிக்கொண்டு காதலைக் கொட்டுகிறாள். விஷயம் தெரிந்ததும் காரியக்காரனுக்கு விழுந்த வசவு தனி. ஹார்ன் வந்ததும் ‘என்னைக் கட்டிக்கொள்’ என்று நேராகவே கேட்கிறாள். 14ஆம் நூற்றாண்டு ‘சர் லான்ஃபல்’ இன்னும் ஒரு படி மேல்: தேவதைப் பெண் டிரயமூர் பணப்பை, குதிரை, பணியாள் எல்லாம் கொடுத்து நைட் லான்ஃபலையே எடுத்துக்கொள்கிறாள். இந்தக் கதைகளில் காதலில் முன்கை எடுப்பது பெண்தான் என்பதே என் கட்சி.

கறார்பேர்வழி:
முன்கை இருக்கட்டும் நண்பரே, கடிவாளம் யார் கையில்? ரிமென்ஹில்ட் கேட்டதும் ஹார்ன் என்ன சொல்கிறான்? ‘அடிமை நிலையில் இருப்பவன், அரசன் மகளுக்குப் பொருந்தேன்.’ அவள் மயங்கி விழுகிறாள். தெளிந்ததும் பேரம்: உன் அப்பாவிடம் சொல்லி என்னை நைட் ஆக்கு. காரியக்காரனைச் சரிக்கட்டக் கிண்ணமும் மோதிரமும் கொடுப்பது அவள். ஆக்கியாகிவிட்டது, இனி கல்யாணமா? இல்லை, முதலில் வீரத்தைக் காட்ட வேண்டுமாம். பிறகு நாடுகடத்தல், ‘ஏழு வருஷம் காத்திரு’. யாத்திரிகன் வேஷத்தில் வந்து மோடி என்ற அரசனோடு அவளுக்கு நடக்கவிருந்த கல்யாணத்தைக் கலைத்த பின்னும், தன் நாடு சடீனை மீட்காமல் மணமுடிக்கமாட்டேன் என்கிறான். அந்த இடைவெளியில்தான் துரோகித் தோழன் ஃபிகென்ஹில்ட் அவளைத் தூக்கிப்போகிறான். ஒவ்வொரு முறையும் நாளைத் தள்ளிப்போடுவது ஹார்ன்.

‘பொருந்தேன்’ என்பதும் வெறும் அடக்கமல்ல. வாரிசுகளைத் தகுதி தாழாமல் மணமுடிக்க வேண்டும், முன்கூட்டியே நெருங்கிய உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இங்கிலாந்து அரசன் ஒப்புக்கொண்ட உரிமைச் சாசனமான 1215 மாக்னா கார்ட்டாவின் 6ஆம் பிரிவு சொல்கிறது. தகப்பன் இல்லாத வாரிசின் கல்யாண உரிமையைப் பிரபுக்கள் காசுக்கு விற்ற காலம். ரிமென்ஹில்ட்டின் காதல், நிலமிழந்த ஒரு பையனுக்கு ஏணி.

சுவடித்தூசி:
இரண்டு பேரும் 14ஆம் நூற்றாண்டின் பெரிய சான்றைத் தொடவே இல்லையே. ‘கவெய்னும் பச்சை நைட்டும்’, மூன்றாம் பகுதி. ஆர்தர் அரசனின் நைட் கவெய்ன், பச்சை நைட்டின் கோடரிக்குக் கழுத்தை நீட்டப் போகும் வழியில் ஒரு மாளிகையில் விருந்தாளி. மாளிகைக்காரன் பெர்ட்டிலாக் வேட்டைக்குப் போன நேரம் பார்த்து, அவன் மனைவி விருந்தாளியின் படுக்கையறைக்கு வருகிறாள். கவெய்ன் தூங்குவதுபோல் நடிக்கிறான். அவள் திரைச்சீலையை விலக்கிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ‘நீ என் கைதி’ என்கிறாள். போர்வைக்குள் இருப்பவன் வெற்றுடம்போடு இருப்பதால் எழுந்துகொள்ளவும் வழியில்லை.

கவி இதை வேட்டையோடு பின்னுகிறார். முதல் நாள் பெண்மான்கள், மாளிகையில் ஒரு முத்தம். இரண்டாம் நாள் காட்டுப்பன்றி, இரண்டு முத்தம். மூன்றாம் நாள் நரி, மூன்று முத்தம். அன்றன்று கிடைத்ததை மாலையில் மாற்றிக்கொள்வது என்று ஒப்பந்தம். கவெய்ன் முத்தங்களை அப்படியே பெர்ட்டிலாக்குக்குத் திருப்பிக் கொடுக்கிறான்! ஆண்-பெண் பாத்திரம் இவ்வளவு தலைகீழாவதைக் கவி ரசித்துத்தான் எழுதியிருக்கிறார்.

அவள் கையாளும் ஆயுதம் அவனுடைய பேர்தான். கவெய்ன் என்றால் இதற்குள் முத்தம் கேட்டிருப்பானே, நீ அவன்தானா என்று சீண்டுகிறாள். மறுத்தால் பண்பற்றவன், இணங்கினால் விருந்தளித்தவனுக்குத் துரோகி. மூன்றாம் நாள் தங்க மோதிரத்தை மறுத்தவன், பச்சைப் பட்டுக் கச்சையை மட்டும் வாங்கி ஒளித்துவைக்கிறான். அதுவும் காதலால் அல்ல, கட்டியிருப்பவனை யாரும் கொல்ல முடியாது என்று அவள் சொன்னதால். பின்னர் பச்சை நைட்டின் கோடரியால் கழுத்தில் விழுந்த கீறல் அதற்கான கூலி.

கறார்பேர்வழி:
அருமை, ஆனால் அடுத்த பகுதியையும் சொல்லுங்கள். பச்சை நைட்டே பெர்ட்டிலாக்தான்; ‘என் மனைவியை அனுப்பியது நானே’ என்கிறான். ஆக அந்தச் சீமாட்டியின் முன்கை கணவன் எழுதிக்கொடுத்த வசனம். கவி அவளுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. தோற்ற கவெய்னோ ஆதாம், சாலமோன், சிம்சோன், தாவீது என்று பட்டியல் போட்டுப் பெண்கள் மீது பழி போடுகிறான்.

சுவடித்தூசி:
பெர்ட்டிலாக்கை ஆட்டுவித்தது மார்கன் லஃபே என்ற மந்திரக்காரப் பெண். அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

நடுநிசி:
இடையில் ஒரு வார்த்தை. 14ஆம் நூற்றாண்டுக் கவி சாசரின் ‘நைட் கதை’யில் எமிலி கன்னித் தெய்வமான டயானாவிடம் ‘கன்னியாகவே இருக்க விடு’ என்று கெஞ்சுகிறாள். அவளுக்காக ஆளுக்கு நூறு நைட்டுகளோடு இருவர் மோதுகிறார்கள். அவளை யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. பனைமரம் இதை எந்தக் கணக்கில் வைப்பார்?

பனைமரம்:
எமிலி கதை இத்தாலியிலிருந்து வந்தது. சரி, கதையை விடுவோம். பெண்ணின் சொல்லுக்கு அன்று நிஜமான பலம் இருந்தது. போப் மூன்றாம் அலெக்சாண்டர் 12ஆம் நூற்றாண்டில் உறுதிப்படுத்திய திருச்சபைச் சட்டப்படி, ‘உன்னை ஏற்கிறேன்’ என்று இருவரும் நிகழ்காலத்தில் சொன்னாலே திருமணம். பாதிரியும் வேண்டாம், பெற்றோர் சம்மதமும் வேண்டாம். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் மார்ஜரி பாஸ்டன் தன் வீட்டுக் காரியஸ்தர் ரிச்சர்டு கால் என்பவரை இப்படித்தான் ரகசியமாகக் கட்டிக்கொண்டாள். 1469இல் நாரிச் பிஷப் விசாரித்தபோது, தான் சொன்ன சொற்களைத் திரும்பச் சொல்லி, ‘இது போதாதென்றால் இன்னும் உறுதியாகச் சொல்கிறேன்’ என்றாள். திருமணம் செல்லும் என்றாயிற்று. இத்தனைக்கும் அவள் அண்ணன் சர் ஜான் வைத்திருந்த புத்தகப் பட்டியலில் ‘பச்சை நைட்’ என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அந்த வீட்டில் ரொமான்ஸ் புழங்கியது.

கறார்பேர்வழி:
புழங்கிய வீடு என்ன செய்தது? இன்னொரு சகோதரன், என் தங்கையை ஃப்ராம்லிங்ஹாமில் மெழுகுவர்த்தியும் கடுகும் விற்க விடமாட்டேன் என்று எழுதினான். தாய் கதவை அடைத்தாள். ரிச்சர்டு காலின் வேலை பின்னாளில் திரும்பியது, ஏனென்றால் கணக்கு வழக்கு அவருக்குத்தான் தெரியும். திருச்சபை மார்ஜரிக்குக் கணவனைக் கொடுத்தது, நிலத்தைக் கொடுக்கவில்லை. ரொமான்ஸிலோ பெண் தேர்ந்தெடுத்தவனுக்கு நாடே கிடைக்கும்: ஹார்னுக்குச் சடீன், இன்னொரு ரொமான்ஸின் நாயகன் ஹேவ்லாக்குக்கு மனைவி கோல்ட்பரோ வழியாக இங்கிலாந்து. அந்தக் கோல்ட்பரோவும் மிரட்டலுக்குப் பயந்து கட்டிக்கொண்டவள். பெண் ஆசைப்படுவதை இந்தக் கதைகள் கொண்டாடுவது, அந்த ஆசை சொத்தைச் சரியான ஆணிடம் சேர்க்கும்வரைதான். ரிச்சர்டு காலிடம் சேர்க்க அங்கே சொத்து இல்லை, அதனால் அந்த வீட்டில் யாரும் கொண்டாடவில்லை.