எங்கள் வீட்டுக் குழு: அதிபரா, சனாதிபதியா?

செவ்வாய்க்கிழமை (மட்டக்களப்பு நேரம்)

அக்கா (பென்சில்வேனியா), இரவு 8:41
எல்லோருக்கும் வணக்கம். ஓர் உதவி வேண்டும். நான் வேலை செய்யும் கல்லூரிக்குப் புதிய பிரசிடென்ட் தேடுகிறார்கள். வியாழக்கிழமை தேர்வுக் குழுவின் முன் ஊழியர்கள் பேசலாம். நூலகத்தின் சார்பில் நான் போகிறேன். இரண்டு நிமிடம் தருவார்கள். வேட்பாளர்களிடம் கேட்கவேண்டிய ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டு வரவேண்டும். என்ன கேட்கலாம்?

கல்லடி மாமி, 8:44
கல்லூரிக்கும் சனாதிபதி இருக்கிறாரா?

நான், 8:44
இல்லை மாமி. நமது பாடசாலை அதிபரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி (சென்னை), 8:46
இங்கே பத்திரிகையில் அதிபர் என்றால் டிரம்ப்.

கல்லடி மாமி, 8:47
அவரையா எடுக்கப்போகிறார்கள்?

அக்கா, 8:49
😂 மாமி, இது கன்னியர் தொடங்கிய சிறிய கத்தோலிக்கக் கல்லூரி. இதுவரை தலைவராக இருந்தவர்கள் எல்லோரும் அந்தச் சபையின் சகோதரிகள். இப்போது வளாகத்தில் மூன்று பேர்தான் மிஞ்சியிருக்கிறார்கள். இளையவருக்கு 78 வயது. அதனால் முதல் முறையாக ஒரு பொதுநிலையினர் வரப்போகிறார்.

புளியந்தீவுப் பெரியப்பா, 8:58
குருவும் இல்லை, கன்னியரும் இல்லை என்றால் அது எப்படிக் கத்தோலிக்கக் கல்லூரி?

அக்கா, 9:03
பெரியப்பா, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 1789 இல் தொடங்கியது. அதற்கே 2001 இல் ஒரு பொதுநிலையினர் தலைவரானார். யேசுசபைக் குருக்கள் (ஜெசுவிட்) தொடங்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அதுதான் முதல் முறை. நியூ ஓர்லியன்ஸ் லொயோலா பல்கலைக்கழகத்துக்கு 2018 இல் டானியா டெட்லோ தலைவராக வந்தார். பெண், வழக்கறிஞர், குடும்பத்தவர். 2022 இல் நியூயார்க்கின் ஃபோர்டாம் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. இப்போது அங்குள்ள 27 யேசுசபை நிறுவனங்களில் பெரும்பாலானவற்றை நடத்துகிறவர்கள் பொதுநிலையினர்தான். நோட்டர் டேம் பல்கலைக்கழகமோ பிடிவாதமாக இருக்கிறது. திருச்சிலுவை சபைக் குருவைத் தவிர வேறு யாரும் அங்கே தலைவராக முடியாது. 2024 இல் வந்தவரும் அந்தச் சபைதான்.

கொக்கட்டிச்சோலை அத்தான், 9:06
எங்கள் கோயிலில் வண்ணக்கரை, அதாவது கோயில் நிர்வாகியை, தெரிவு செய்வது போல. குடி, அதாவது வம்சம் பார்த்துத்தான். அதுவும் தாய்வழிக் குடி. எவ்வளவு படித்தவனாக இருந்தாலும் குடி இல்லையென்றால் வரிசையில் நிற்கவேண்டியதுதான்.

புளியந்தீவுப் பெரியப்பா, 9:15
சபையில் ஆள் இல்லை என்பதுதான் காரணம், தெரியும். 1965 இல் உலகம் முழுவதும் 36,000 யேசுசபையினர் இருந்தார்கள். இன்று 14,000 பேர் அளவில்தான். நாங்கள் இங்கே மிக்கேல் கல்லூரியில் படித்தபோது எங்கு திரும்பினாலும் வெள்ளை அங்கி. நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து வந்த அமெரிக்கச் சுவாமிமார். கூடைப்பந்தும் அவர்களோடுதான் இங்கே வேரூன்றியது. வெபர் அடிகளாரின் பெயரில் இன்றும் மைதானம் இருக்கிறது. பந்தை விட்டுவிட்டு ஓடினால் தமிழில் ஏசுவார்கள். உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தால் இன்னும் இரண்டு சுற்று ஓடவேண்டும்.

கல்லடி மாமி, 9:17
ஹெபர்ட் சுவாமியை மறந்துவிட்டீர்களா?

புளியந்தீவுப் பெரியப்பா, 9:21
மறக்கவில்லை. எழுத வரவில்லை.

கல்லடி மாமி, 9:22
மாதா விண்ணேற்புத் திருநாள் அன்று. 1990. வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் புறப்பட்டவர், கூட ஒரு பையன். இருவரும் வந்து சேரவில்லை.

(பதினைந்து நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு தம்பி எதையோ அனுப்பி, அதையும் அழித்துவிட்டான்.)

அக்கா, 9:38
எனக்கு இன்னும் கேள்வி கிடைக்கவில்லை 🙂

கல்லடி மாமி, 9:40
முதலில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லு.

அக்கா, 9:42
தெரியாது மாமி. ஆள் தேடித் தருவதற்கென்றே ஒரு நிறுவனத்தை அமர்த்தியிருக்கிறார்கள். பெயர்கள் இரகசியம். அறிவிக்கும் நாளில்தான் எங்களுக்கும் தெரியும்.

கல்லடி மாமி, 9:43
தரகர் வைத்துப் பேச்சுக்கால் நடக்கிறது, மாப்பிள்ளையின் பெயரை மட்டும் சொல்ல மாட்டார்களா? நல்ல கலியாணம்!

அக்கா, 9:45
வெளியே தெரிந்து, பிறகு கிடைக்காமல் போனால், இப்போது இருக்கும் இடத்தில் அவர்களுக்கு மதிப்புக் குறைந்துவிடும் அல்லவா?

கல்லடி மாமி, 9:46
அது சரிதான். மூத்தவனுக்கு ஏறாவூரில் பேசி முறிந்தபோது அந்த வீட்டாரோடு இரண்டு வருடம் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. வயது என்ன, திருமணமானவரா என்றாவது கேள்.

அக்கா, 9:47
அதைக் கேட்டால் வழக்கில் மாட்டிக்கொள்வார்கள் மாமி. கத்தோலிக்கரா என்று கேட்கலாம். சமய நிறுவனங்களுக்குச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. தலைவர் கத்தோலிக்கராக இருக்கவேண்டும் என்று 2001 இல் நடைமுறைக்கு வந்த ஆயர்களின் விதியும் சொல்கிறது.

நான், 9:52
இங்கே தேசிய பாடசாலைக்கு அதிபர் என்றால் அமைச்சு விண்ணப்பம் கோரும், நேர்முகத் தேர்வு நடக்கும், புள்ளி போடுவார்கள். பழைய மாணவர் சங்கம் எவ்வளவு கத்தினாலும் கடிதம் கொழும்பிலிருந்துதான் வரும்.

புளியந்தீவுப் பெரியப்பா, 9:55
எல்லாம் 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கியது. சமய அமைப்புகள் அரசு உதவியோடு நடத்திய பாடசாலைகளை அரசு எடுத்த அன்றே தெரிவு செய்யும் உரிமையும் போய்விட்டது.

கொக்கட்டிச்சோலை அத்தான், 9:57
பெரியப்பா, கோபிக்கக் கூடாது. அப்படி எடுத்திருக்காவிட்டால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த வாசலுக்குள் வந்திருப்பார்கள்?

புளியந்தீவுப் பெரியப்பா, 10:01
கோபம் இல்லை. அதுவும் உண்மைதான். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை.

நான், 10:03
அக்கா, அங்கே கடைசி முடிவு யாருடையது? ஆயரா, சபையா?

அக்கா, 10:06
அறங்காவலர் குழு. 1967 இல் நோட்டர் டேமும் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகமும் நிர்வாகத்தைப் பொதுநிலையினரும் அமரும் குழுவிடம் கொடுத்தன. பிறகு ஒவ்வொன்றாகப் பல கல்லூரிகள் அதே வழியில் போயின. எங்கள் குழுவில் பாதிப் பேர் வங்கி, காப்புறுதிக்காரர்கள். நல்லவர்கள்தான். ஆனால் பேச்செல்லாம் பணம். 2007 இல் அமெரிக்காவில் 43 இலட்சம் பிள்ளைகள் பிறந்தார்கள், அதற்குப் பிறகு பெரும்பாலும் இறக்கம். 2007 இல் பிறந்தவர்களுக்கு 2025 இல் 18 வயது. இனிமேல் வகுப்பில் ஆள் குறையும். பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் இருந்த காப்ரினி பல்கலைக்கழகம் 2024 இல் மூடிவிட்டது. வளாகத்தை வில்லனோவா பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. ஆல்பனியில் செயின்ட் ரோஸ் கல்லூரியும் அதே வருடம் மூடியது. இவையும் கன்னியர் தொடங்கியவைதான்.

கொக்கட்டிச்சோலை அத்தான், 10:14
அப்படியென்றால் குருவா, குடும்பத்தவரா என்பதில் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து இருப்பார். கூரையை மாற்றலாம், வேலி அடைக்கலாம், கிணற்றை ஆழமாக்கலாம். காணி உறுதிப் பத்திரம் பெண்ணின் பெயரில் இருக்கும். கடன்காரன் வாசலில் நின்றாலும் அவரால் தனியே கையெழுத்துப் போட முடியாது. வருகிறவரிடம் கேளுங்கள்: இந்த வீட்டில் எதை விற்க மாட்டீர்கள்?

தம்பி (சென்னை), 10:15
அத்தான் 👏👏

கல்லடி மாமி, 10:16
சகோதரிமாரின் கல்லறை எங்கே இருக்கிறது?

அக்கா, 10:18
நூலகத்துக்குப் பின்னால், மாமி. என் மேசையிலிருந்து தெரியும். ஒரே அளவான சிறிய கற்கள், ஐந்து வரிசை. ஐந்தாவது வரிசை பாதிதான் நிரம்பியிருக்கிறது. வீடு கட்டி விற்பவர்கள் கல்லூரியிடம் ஒரு காணி கேட்கிறார்கள். அது கல்லறைக்கு அடுத்த துண்டுதான்.

கல்லடி மாமி, 10:18
அப்போது அதைத்தான் கேட்கவேண்டும்.

புளியந்தீவுப் பெரியப்பா, 10:25
காணியை மட்டும் கேட்காதே மகள். அதற்கு எவரும் அழகாகப் பதில் சொல்லிவிடுவார்கள். கையில் காசு இல்லாதபோது முதலில் வெட்டுப்படுவது மெய்யியலும் இறையியலும்தான். சேருகிற பிள்ளைகள் குறைவு, வருமானம் இல்லை என்பார்கள். எந்தப் பாடத்தை, எத்தனை பிள்ளைகள் இருக்கும்வரை நடத்துவீர்கள் என்று கேள். எண்ணிக்கையைச் சொல்லச் சொல். எண் கேட்டால் ஆள் தெரியும்.

அக்கா, 10:27
இரண்டையும் சேர்த்து ஒரு கேள்வியாக எழுதுகிறேன். இங்கே இன்னும் மதியம்தான், நேரம் இருக்கிறது. நீங்கள் எல்லோரும் தூங்குங்கள்.

வெள்ளிக்கிழமை

அக்கா, காலை 6:10
பேசிவிட்டேன். ‘எதை விற்க மாட்டீர்கள், எத்தனை மாணவர் இருக்கும்வரை இறையியல் துறையை மூட மாட்டீர்கள்? எண்ணில் சொல்லுங்கள்’ என்று வாசித்தேன். தேர்வுக் குழுத் தலைவர் குனிந்து எழுதிக்கொண்டார். பின் வரிசையில் அந்த 78 வயதுச் சகோதரி, காது சரியாகக் கேட்காது, ‘இன்னொரு முறை, சத்தமாக’ என்றார். இரண்டாம் முறை வாசித்தபோது மண்டபமே கேட்டது.

புளியந்தீவுப் பெரியப்பா, 6:12
கேள்வியை வேட்பாளர்களிடம் வைப்பார்களா?

அக்கா, 6:13
வைப்பதாகச் சொன்னார்கள். பதில் எங்களுக்கு வருமா என்று சொல்லவில்லை.

கொக்கட்டிச்சோலை அத்தான், 6:15
கையெழுத்துப் போடும் வரைக்கும் தரகரை நம்பாதீர்கள்.

கல்லடி மாமி, 6:20
ஞாயிறு பூசை முடிய எல்லோரும் என் வீட்டுக்கு வாருங்கள். களப்பு இறால் சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனை பேர் என்று இப்போதே சொல்லுங்கள், எண்ணில் 🦐