பில் பாஸ் ஆகுமா? கொள்முதல், வெளியூர்ப் பயணம்: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

கொள்முதல் பிரிவு, வேலூர்:

இந்தக் கல்வியாண்டுக்கு எங்கள் வளாகத்தில் இரண்டு சுற்றறிக்கைகள் வந்திருக்கின்றன. ஒன்று கொள்முதல் வரம்பு பற்றியது, இன்னொன்று வெளியூர்ப் பயணம் பற்றியது. இரண்டையும் எல்லாத் துறைகளுக்கும் அனுப்பியவன் நான் என்பதால், விதியை எழுதியதே நான்தான் என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்களிடம் மத்திய அரசு நிதியில் ஓடும் ஆய்வுத் திட்டங்கள் அதிகம். அவற்றுக்குப் பொது நிதி விதிகள் 2017 சொல்வதுதான் சட்டம். அதன் 154-வது விதிப்படி 25,000 ரூபாய் வரை விலைப்புள்ளி (கொட்டேஷன்) கேட்காமலே வாங்கலாம் என்று முதலில் இருந்தது. பொருள் தரமானது, கடை நம்பகமானது, விலை நியாயமானது என்று வாங்கியவர் தன் பொறுப்பில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். அறிவியல் ஆராய்ச்சிக்கு வாங்கும் பொருட்களுக்கு இந்த வரம்பு பிறகு ஏறி, 2025 ஜூனில் 2 லட்சம் ஆனது. குழு அமைத்து வாங்குவது 25 லட்சம் வரை. உலகளாவிய டெண்டர் என்றால் 200 கோடி வரை துணைவேந்தரோ இயக்குநரோ ஒப்புதல் தரலாம்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மேசைக்கு வரும் சண்டை எதுவும் 2 லட்சத்தைப் பற்றியதல்ல. கடைசியாக வந்தது ஒரு ஃப்யூஸ்.

இரண்டாம் மாடி ஆய்வகத்தில் ஹாட் ஏர் ஓவன் (சூடான காற்று அடுப்பு) நின்றுவிட்டது. உள்ளே ஒரு மாணவியின் மாதிரிகள். அந்தப் பெண் சாப்பாட்டு நேரத்தில் பழைய பேருந்து நிலையம் பக்கம் போய் 40 ரூபாய்க்கு ஃப்யூஸ் வாங்கி வந்து போட்டுவிட்டார். ஓவன் ஓடியது, மாதிரிகளும் தப்பின. கடையில் கொடுத்தது மேலே ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை, கடை முத்திரை இல்லை. நான் கணக்குப் பிரிவுக்கு அனுப்பினேன், அங்கிருந்து திரும்பி வந்தது. மாணவி மறுபடி கடைக்குப் போய்க் கேட்டதற்கு, “நாப்பது ரூபாய்க்கு ஜிஎஸ்டி பில்லா? இன்னாம்மா, இதுக்குன்னு ஆட்டோ புடிச்சு வந்தியா?” என்று கடைக்காரர் சிரித்திருக்கிறார். ஆமாம், ஆட்டோவில்தான் போயிருந்தார். கடைசியில் துறைத் தலைவர் தன் பர்ஸிலிருந்து 40 ரூபாயைக் கொடுத்து விஷயத்தை முடித்தார். கோப்பில் மட்டும் அது இன்னும் நிலுவை என்றே இருக்கிறது.

கோடிக்கு வழி தெளிவாக எழுதியிருக்கிறது, நாற்பது ரூபாய்க்குத்தான் தடுமாறுகிறோம். உங்கள் பக்கம் எப்படி? நடந்ததை எழுதுங்கள். கல்லூரிப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம்.

ஆய்வகத்து அக்கா, குடியாத்தம்:

நான் தொழில்நுட்ப உதவியாளர், ஊதிய நிலை 6. கிண்டியில் ஒரு கருவிப் பயிற்சிக்கு என்னையும் எங்கள் துறை உதவிப் பேராசிரியர் ஒருவரையும் அனுப்பினார்கள். ஒரே பயிற்சி, ஒரே மேசை, ஒரே கருவி. 2017-இல் வந்த பயணப்படி ஆணைப்படி அவருக்கு நாளொன்றுக்கு அறை வாடகை 2,250 ரூபாய் வரை, எனக்கு 750. அகவிலைப்படி 50 சதவீதம் ஏறினால் இந்தத் தொகையும் 25 சதவீதம் ஏற வேண்டும் என்று அதே ஆணையில் இருக்கிறது. ஏற்றிப் பார்த்தாலும் 940-ஐத் தொடவில்லை. ஒரு பெண் தனியாகத் தங்கக்கூடிய அறை சென்னையில் அந்த விலைக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும். நான் ஆலந்தூரில் சித்தி வீட்டில் தங்கினேன். அறை வாடகையே கேட்கவில்லை.

வேடிக்கை அதற்கு அப்புறம்தான். சென்ட்ரலில் இறங்கிக் கிண்டிக்கு மெட்ரோ. டிக்கெட் போனில் இருந்தது, பிரின்ட் எடுத்து வைத்தேன். உள்ளூரில் சுற்றியது மாநகரப் பேருந்தில். சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, தெரிந்ததுதானே. ஆனால் நடத்துநர் சீட்டுக் கொடுப்பார், பூஜ்யம் ரூபாய் என்று. அந்தச் சீட்டுகளையும் வெள்ளைத் தாளில் வரிசையாக ஒட்டி, பயணப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி, தொகைக் கட்டத்தில் ‘0’ போட்டுக் கொடுத்தேன்.

கணக்குப் பிரிவில் இருந்த தம்பி நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்தார். “மேடம், காசே இல்லையே, இதை எதுக்கு ஒட்டினீங்க?” என்றார். “பயிற்சிக்குத் தினமும் போனேன் என்பதற்கு வேறு சாட்சி என்ன இருக்கிறது?” என்றேன். அந்தத் தாள் மறு பேச்சில்லாமல் போய்விட்டது. ஒரு நாள் இரவு பயிற்சி நீண்டு ஆட்டோவில் வந்தேன், 300 ரூபாய். நான் போனபோது என் நிலைக்கு உள்ளூர்ப் பயணம் நாளொன்றுக்கு 225 ஆகத்தான் இருந்தது. மீதி என் கணக்கு. பூஜ்யத்துக்கு ரசீது இருக்கிறது, 300-க்கு ரசீது இல்லை. சுய சான்று எழுதித்தான் 225-ஐ வாங்கினேன்.

ஆரணி பஸ்:

புறத்தேர்வாளராகப் போகிறவன் நான். செய்முறைத் தேர்வு மாதம் வந்தால் வேலூர், வாலாஜா, செய்யாறு என்று பஸ்ஸிலேயே குடித்தனம். படி குறைவு, அதைப் பேசிப் பயனில்லை. எனக்குக் கோபம் ரெவின்யூ ஸ்டாம்ப் மேல்தான். 5,000 ரூபாய்க்கு மேல் பண ரசீது என்றால்தான் அது தேவை. என் தொகை அதில் பாதிகூட வராது. பணமும் வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. ஆனாலும் படிவத்தில் கட்டம் இருக்கிறதே, கட்டம் இருந்தால் ஒட்டியாக வேண்டுமாம். தபால் நிலையத்தில் தீர்ந்துவிட்டது என்பார்கள், பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் ஸ்டாம்ப் ஐந்து ரூபாய். அந்த நான்கு ரூபாயை எந்த விதியில் கேட்பது, கொள்முதல் பிரிவு அண்ணா?

கணக்குப் பிரிவிலிருந்து, ராணிப்பேட்டை:

எல்லோரும் எங்களைத்தான் திட்டுகிறீர்கள் என்பதால் எழுதுகிறேன். ஆரணிக்காரர் சொன்ன ஸ்டாம்ப் விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம். படிவம் பழையது, மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

மற்றவற்றுக்கு வருகிறேன். நான் இன்று பாஸ் செய்யும் பில்லைத் தணிக்கையாளர் சில வருடம் கழித்துப் பார்ப்பார். அப்போது வாங்கியவர் வேறு கல்லூரிக்குப் போயிருப்பார், துறைத் தலைவர் ஓய்வு பெற்றிருப்பார். கையெழுத்துப் போட்ட நான் மட்டும் அதே நாற்காலியில் இருப்பேன். அவர் எழுதும் தணிக்கைத் தடைக்குப் பதில் எழுத வேண்டியவன் நான். ‘எஸ்டிமேட்’ சீட்டை எப்படி ஏற்பது?

சீட்டு ஒழுங்காக இருந்தாலும் சில நேரம் மனசு ஒப்பாது. ஒரு துறையிலிருந்து அலமாரி வாங்க மூன்று விலைப்புள்ளிகள் வந்தன. மூன்று கடை, மூன்று முகவரி, மூன்று வண்ணத்தில் தலைத்தாள். குறைந்த விலை எது, ஒப்பீட்டுப் பட்டியல், குழுவின் கையெழுத்து, எல்லாம் பக்கா. ஆனால் மூன்று தாளிலும் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய சாம்பல் கோடு. பிரின்டர் டிரம் கெட்டிருந்தால் விழுமே, அந்தக் கோடு. மூன்றையும் அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தேன், ஒரே இடத்தில் விழுந்திருந்தது. கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டால், “சார், நீங்க மூணு கேட்டீங்க, அலைய வேணாமேன்னு நானே குடுத்தேன்” என்கிறார், உதவி செய்த முகத்தோடு. திருப்பி அனுப்பினேன். அந்தத் துறையில் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மறு விலைப்புள்ளியில் அலமாரி முன்பைவிடக் குறைந்த விலைக்கே வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விமான டிக்கெட்டில் எனக்கே உடன்பாடில்லாத விதி ஒன்று உண்டு. மத்திய அரசு நிதியில் பறப்பவர்கள் பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி ஆகிய மூன்று பயண முகவர்களில் ஒருவரிடம்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். 2022 ஜூன் ஆணைப்படி பயணத்துக்கு 21 நாள் முன்பே எடுக்க முயல வேண்டும், கிளம்பும் நேரப் பிரிவில் உள்ள மலிவான டிக்கெட்டாக இருக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் எடுத்தால் காரணம் எழுதித் தர வேண்டும். ஒரு பேராசிரியர் வேறு இணையதளத்தில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கிறது என்று எடுத்துவிட்டார். அரசுக்கு லாபம்தான். ஆனாலும் அந்தத் தொகையை என்னால் கொடுக்க முடியவில்லை, விதிவிலக்குக் கேட்டு மேலே அனுப்பினோம். அதே மனிதர் மீனம்பாக்கத்திலிருந்து வேலூருக்கு வந்த டாக்சிக்கு ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா சுங்கச்சாவடிக் கட்டணத்தை ஃபாஸ்டேக் குறுஞ்செய்தியோடு காட்டினார், அது மட்டும் சிக்கலில்லாமல் போனது.

குடியாத்தம் அக்கா, உங்கள் பூஜ்யச் சீட்டு மாதிரி ஒன்று என் மேசைக்கு வந்தால் நான் கேள்வியே கேட்க மாட்டேன்.

வேதியியல் ஆய்வாளர், ஆற்காடு:

எங்கள் தொல்லை வேறு மாதிரி. திட்டத்துக்கு ஒப்புதலான தொகை மூன்று வருடத்துக்கு மாறாது. வரி மாறும். பதிவுச் சான்று உள்ள ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு அறிவியல் கருவிகள் மீது 5 சதவீத ஜிஎஸ்டிதான் இருந்தது. 2022 ஜூலையில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். பிறகு பெரும்பாலும் 18. அதே பணம், அதே பட்டியல், ஆனால் கடைசி இரண்டு பொருட்களை அடித்துவிட வேண்டியதாயிற்று.

2024 ஜூலை பட்ஜெட் இன்னும் மோசம். இறக்குமதி ஆய்வக ரசாயனங்களின் அடிப்படைச் சுங்க வரி 10-லிருந்து 150 சதவீதம். நான் தவறாகப் படித்துவிட்டேனோ என்று சக ஆய்வாளரிடம் காட்டினேன், அவரும் அதையேதான் படித்தார். நாங்கள் கேட்டிருந்த விலைப்புள்ளிக்கு விற்பனையாளர் ஒரு வரி மின்னஞ்சலில் ‘விலை திரும்பப் பெறப்படுகிறது’ என்று அனுப்பிவிட்டார். அந்த வாரம் முழுக்க வினைக்குடுவையைக் கழுவிக்கொண்டிருந்தோம், வேறு வேலை இல்லை. ஆகஸ்ட் முதல் தேதி, சொந்த ஆய்வுப் பயன்பாட்டுக்கு என்று நிபந்தனையோடு இறக்குமதி செய்தால் பழையபடி 10 சதவீதம் என்று அறிவிப்பு வந்தது. ஆனால் கொள்முதல் கோப்பு அதற்குள் ‘நிதி போதவில்லை’ என்ற குறிப்போடு மூடப்பட்டுவிட்டது. மறுபடி முதலிலிருந்து மூன்று விலைப்புள்ளி, ஒப்பீடு, குழு. இதற்கு யாரைக் கோபித்துக்கொள்வது? கணக்குப் பிரிவு சாரையா, டெல்லியையா?

வாலாஜா:

எங்கள் வளாகத்தில் எல்லாம் அரசின் இணையச் சந்தையான ஜெம் தளத்தில்தான். பிரின்டர் டோனர் முதல் நாற்காலி வரை. குறை சொல்ல மாட்டேன், விலை தெளிவாக இருக்கிறது. ஆனால் பொருள் வந்ததும் தற்காலிக ரசீது, பிறகு 10 நாளுக்குள் சரிபார்த்து ஏற்புச் சான்று போட வேண்டும். டோனர் வந்த வாரம் துறையில் பொறுப்பாளர் தேர்வுப் பணிக்குப் போயிருந்தார், கடவுச்சொல் அவரிடம். பெட்டி காவலாளி அறையில், விற்பவர் போனில்.

ஃப்யூஸ் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். எங்களிடம் ஒவ்வொரு துறைக்கும் சிறு தொகை நிரந்தர முன்பணமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஃப்யூஸ், ஆட்டோ, தேர்வாளருக்கு டீ, ஸ்டாம்ப் எல்லாம் அதில். ஒரு நோட்டு, அதில் தேதி, என்ன செலவு, யார் கையெழுத்து. ரசீது கிடைத்தால் ஒட்டுகிறோம், கிடைக்காததற்குத் துறைத் தலைவர் சான்று. மாதம் ஒருமுறை நோட்டைக் காட்டி நிரப்பிக்கொள்கிறோம். இதைக் கேட்டுப் பெறுவதற்கு ஒரு வருடம் ஆனது, அதிகம் முனகியது கணக்குப் பிரிவுதான். இப்போது அவர்களுக்கே நிம்மதி.

கணக்குப் பிரிவிலிருந்து, ராணிப்பேட்டை:

முனகியிருப்பார்கள், நானும் முனகுவேன். ஆனால் அந்த நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்ப முடியுமா? எந்தப் பத்திகள் போட்டிருக்கிறீர்கள் என்று பார்த்தால் இங்கே கோப்பு எழுத வசதி.

கொள்முதல் பிரிவு, வேலூர்:

எனக்கும் அனுப்புங்கள். ஆரணி அண்ணாவின் நான்கு ரூபாய்க்கும் அதில் ஒரு பத்தி இருந்தால் நல்லது.

ஆய்வகத்து அக்கா, குடியாத்தம்:

ஒரு சந்தேகம். பயணப்படி பில்லை 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 2018 ஆணையில் இருக்கிறதே, அது கிளம்பிய தேதியிலிருந்தா, திரும்பிய தேதியிலிருந்தா? அடுத்த பயிற்சி இரண்டு வாரம், மைசூரில்.

கணக்குப் பிரிவிலிருந்து, ராணிப்பேட்டை:

பயணம் முடிந்த தேதியிலிருந்து அக்கா. மைசூருக்கு காட்பாடியில் வந்தே பாரத் நிற்கும், ஆனால் உங்கள் நிலைக்கு அதில் எந்த வகுப்பு என்று முன்னாடியே எழுத்தில் வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.