டிராஃப்ட் கணக்குல லாபம் தாறுமாறா வருது, அவசரம்

கடைத்தம்பி: ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து டிராஃப்ட் பேலன்ஸ் ஷீட் வந்திருக்கு. லாபம் மூணு மடங்கு காட்டுது, கையில காசே இல்லை. நாளைக்குள்ள ஓகே சொல்லணுமாம். எங்க தப்புன்னு சொல்லுங்க ப்ளீஸ்!!

ஈரோட்டான்: என்ன கடைங்க? சொந்தமா, பார்ட்னர்ஷிப்பா? மூணு மடங்குன்னா எவ்வளவு?

பேரேடு: லாபம் வேற, கையிருப்பு வேற. சரக்குலயும் வராத பாக்கியிலயும் முடங்கியிருக்கும். இந்த அரிச்சுவடிகூடத் தெரியாம கடை வச்சிடறாங்க.

குடோன்: க்ளோசிங் ஸ்டாக்தான் (வருஷக் கடைசியில மிச்சமிருக்கிற சரக்கோட மதிப்பு), கண்ணை மூடிட்டுச் சொல்வேன். மார்ச் 31 அன்னிக்கு எண்ணுனீங்களா, குத்துமதிப்பா? விற்கிற விலையில போட்டிருந்தா முடிஞ்சது, லாபம் ஏறிடும்.

வரிப்புலி: வருமான வரிச் சட்டத்துல 43பி(எச்) பிரிவு பார்த்தீங்களா? சின்ன கம்பெனிகளுக்கு 45 நாளுக்குள்ள பணம் கொடுக்கலைன்னா பணம் கொடுக்கிற வருஷத்துலதான் அந்தக் கொள்முதலைக் கழிக்க முடியும்.

ஈரோட்டான்: அது வருமான வரி கணக்கிடறப்போ கூட்டிக்கிறது. பி அண்ட் எல்-ல (லாப நட்டக் கணக்குல) வர்ற லாபம் அதனால ஏறாது. அதுவும் ஹோல்சேல் கடையில வாங்கினா அந்தப் பிரிவே கிடையாது, தயாரிக்கிறவங்களுக்கும் சர்வீஸ் பண்றவங்களுக்கும்தான்.

வரிப்புலி: எங்க ஹோல்சேல்காரர் உத்யம் சர்டிபிகேட் (சிறுதொழில் பதிவு) வச்சிருக்காரே?

ஈரோட்டான்: வியாபாரிகளுக்கு அது பேங்க் கடன் சலுகைக்கு மட்டும்தான்.

வரிப்புலி: எங்க ஆடிட்டர் அப்படிச் சொல்லலை.

குடோன்: ரெண்டு பேரும் வெளிய போய்ப் பேசுங்கப்பா. தம்பி, ஸ்டாக்?

கடைத்தம்பி: சாரி, கடையில கூட்டம். எலெக்ட்ரிக்கல் கடை, என் பேர்லதான். ஸ்டாக் நானே எண்ணினேன், வாங்கின விலைதான். லாபம் 7 லட்சம் வரும்னு நினைச்சேன், 21.60 லட்சம் காட்டுது.

ஈரோட்டான்: டிராஃப்ட்ல விற்பனை எவ்வளவு? 12 மாச 3பி-ல (மாசாமாசம் போடற ஜிஎஸ்டி ரிட்டர்ன்) காட்டின விற்பனையைக் கூட்டினா எவ்வளவு?

கடைத்தம்பி: டிராஃப்ட் 94.40 லட்சம். 3பி 80.

ஈரோட்டான்: ஜிஎஸ்டி 18%, 80-ஐ 1.18-ஆல பெருக்குங்க, அதே 94.40! பில் மெஷின்ல இருந்து விற்பனையை ஜிஎஸ்டியோட அப்படியே டேலியில (கணக்கு சாஃப்ட்வேர்) ஏத்திட்டாங்க. கொள்முதல் மட்டும் வரி நீக்கிப் போட்டிருக்காங்க. 14.40 லட்சம் உங்க காசே இல்லை, அரசாங்கத்தோடது. பேலன்ஸ் ஷீட்ல சொத்துப் பக்கம் ஜிஎஸ்டின்னு பெரிய தொகை நிக்குதா?

கடைத்தம்பி: ஆமாண்ணா, 13 லட்சத்துச் சொச்சம்!

ஈரோட்டான்: அதேதான். வாங்கினப்போ கொடுத்த வரியும் மாசாமாசம் கட்டினதும் விற்பனை வரி தனியா இல்லாததால நேர் பண்ண ஆளில்லாம நிக்குது. மார்ச் மாச வரியை ஏப்ரல்லதான் கட்டியிருப்பீங்க, அதான் 14.40-க்குக் குறையுது. அந்த மிச்சம் கடன் பக்கம் வரணும், பார்த்துக்குங்க. வீட்டுக்கு எடுத்த பணம் டிராயிங்ஸ்ல வந்திருக்கா?

பேரேடு: நானும் விற்பனையைத்தான் பார்க்கச் சொல்ல வந்தேன்.

குடோன்: எங்க சொன்னீங்க? மேல தேடிட்டு வர்றேன்.

கடைத்தம்பி: போன் பண்ணிட்டேன். புது டிராஃப்ட் அனுப்பறாங்களாம். நன்றிண்ணா.

ஈரோட்டான்: டிராயிங்ஸ்?

மளிகைக்காரர்: எனக்கும் இதே கதைங்க. ஆனா நான் விக்கிறது 5%, 18%, வரியில்லாததுன்னு எல்லாம் கலப்பு. எப்படிப் பிரிக்கிறது?